நீலத்தின் மேல் சந்தனம்

மகன், மாமியின் தலைமுடி இப்போது செம்மஞ்சள். செய்தது நான். சாயப் பெட்டி மாறவில்லை. கை தவறவில்லை. வேறு யாரிடமாவது நீ இதைக் கேள்விப்படுமுன் என்னிடமிருந்து அறிய வேண்டும் என்பதால் கடிதத்தை இங்கிருந்து தொடங்குகிறேன். சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். உன் கல்யாணத்துக்கு இன்னும் பதினொரு நாள்.

இது திறந்த கடிதம். பொய்யை நாங்கள் திறந்த வெளியில், கோயில் வீதியில், அத்தனை சனத்துக்கு முன்னால் சொன்னோம். உண்மையை மட்டும் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்புவது நியாயமில்லை. ஆனால் இது உன் தலையைப் பற்றியது. ஆகவே முதலில் உனக்கு வருகிறது. நீ வாசித்து, சரி என்று ஒரு சொல் அனுப்பிய பிறகுதான் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குப் போகும். மற்றவர்கள் இதை வாசிக்கிறார்கள் என்றால் நீ சரி சொல்லியிருக்கிறாய் என்று அவர்கள் விளங்கிக்கொள்ளட்டும்.

உனக்குப் பதினைந்து வயது. கோடை விடுமுறை. நூலகத்தில் வேலை முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது குளியலறை பூட்டியிருந்தது. உள்ளே தண்ணீர்ச் சத்தம். கதவுக்குக் கீழால் மூக்கை அரிக்கும் ஒரு மணம். பிறகு நீ வெளியே வந்தாய். நீலம். காஸ் அடுப்புச் சுடரின் அடியில் இருக்குமே, அந்த நீலம். காதுகளும் நீலம், நெற்றி ஓரமும் நீலம், வாஸ்லின் பூச மறந்திருந்தாய். தலை துடைத்த துவாயும் நீலம். சுவர் ஓடுகளின் இடுக்குகளில் நீலம், இன்றைக்கும் இருக்கிறது. எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நீ டேனிஷில் சொல்லத் தொடங்கினாய், மூச்சு விடாமல். இரண்டு தரம் ப்ளீச் பண்ண வேண்டும், முதல் தரம் செம்மஞ்சளாகத்தான் வரும், பயப்படக்கூடாது, குசினியில் சாப்பாடு சுற்றும் பிளாஸ்டிக் தாளால் தலையைச் சுற்றி வைத்திருக்க வேண்டும், கண்டிஷனரில் குழைத்தால் நிறம் ஒரேமாதிரிப் பிடிக்கும். அந்த வருடம் நீ என்னோடு இவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். கேட்டுக்கொண்டு நின்றேன். வடிவாக இருக்கிறான் என்று நினைத்தேன். வாயால் சொன்னது: "துவாய் பழுதாப் போச்சு."

என் முதல் பிழை அது. இரண்டாவதை எல்லோரும் கண்டார்கள். முதலாவது எனக்கு மட்டும் தெரியும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் நான் படிக்கும்போது உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன். பக்கத்து மேசையில் ஒருத்தி பாதித் தலையை வழித்திருந்தாள். இன்னொருத்தி பச்சை. நான் இடுப்பு வரைக்கும் பின்னலோடு இருந்தேன். உடல் யாருக்குச் சொந்தம் என்று இருபது பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். நல்ல புள்ளி. பின்னலில் ஒரு விரல் அளவுகூட வெட்டவில்லை. பதினாறு வருடம் கழித்து, புத்தகம் எதுவும் படிக்காமல், ஒரு பின்னேரத்தில் நீ அதைச் செய்துவிட்டு வந்து நின்றாய். எனக்குள் ஏதோ சுருங்கியது. அதற்கு அன்றைக்கு நான் வேறு பெயர்கள் வைத்தேன். பயம் என்றேன், பொறுப்பு என்றேன். அது பொறாமை.

மாமியைப் பற்றி உனக்குத் தெரியும். வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அப்பாவின் அக்கா. டென்மார்க்குக்கு முதலில் வந்து, தம்பியை எடுப்பித்து, தன் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி எங்களைக் குடியிருத்தியவ. கோயிலில் பெண்கள் பகுதி அவவின் கையில். அறுபத்தாறு வயதிலும் ஒரு நரை இல்லாத மனுசி என்று சனம் சொல்லும். இருபத்திரண்டு வருடமாக ஐந்து கிழமைக்கு ஒருதரம், வியாழக்கிழமைகளில், என் குளியலறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து தலையைக் குனிந்து தருவா. நான் வெள்ளைக்கு மேல் கறுப்புப் பூசுவேன். இந்த ரகசியத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உன் நீலத்தை அவ பார்த்தது புதன்கிழமை. சனிக்கிழமை கோயிலில் தேர். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டா.

"இதென்ன கோலம்?"

வெறும் முடிதானே மாமி என்று டேனிஷில் சொல்லிவிட்டு நீ மேலே போய்விட்டாய். அவ என் பக்கம் திரும்பினா.

"இந்தத் தலையோட வந்து வடம் பிடிக்கப் போறானோ? படிச்ச தாய் வளர்த்த பிள்ளை எண்டுதான் சனம் கதைக்கும். எனக்கென்ன."

"கறுப்படிச்சு விடுறன், மச்சாள்."

"கறுப்படிச்சாலும் வெயிலுக்கு நீலம் மினுங்கும். வழிச்சு விடும். நேர்த்திக்கடன் எண்டு சொல்லுவம்."

கறிக்கு உப்புக் காணாது என்பதுபோல் சொன்னா. நான் யோசித்தேன். கோயிலில் மொட்டையைப் பார்த்து ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கும்பிடுவார்கள். தண்டனையைப் பக்தியாக மாற்ற எங்கள் சனத்துக்கு மட்டும் தெரிந்த குறுக்குவழி அது. கெட்டித்தனம் என்றுகூட நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், குசினி. அப்பா தொழிற்சாலையில், இரண்டாவது ஷிஃப்ட். தரையில் இலவசமாக வரும் ஊர்ப் பத்திரிகையை விரித்தேன். அப்பாவின் தாடி வழிக்கும் மெஷின். கதிரையைக் காட்டி, "இருக்கிறியோ?" என்று உன்னிடம் கேட்டேன். நீ "ஓம்" என்றாய். எல்லாவற்றுக்கும் டேனிஷில் பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொள்ள விரும்பியது அது. மாமி பின்னால் நின்று, "காதடியில கொஞ்சம் கிடக்கு, பிள்ளை, அங்கை, அங்கை" என்று காட்டினா. நீ ஒருதரமும் அசையவில்லை. எல்லாம் விழுந்த பிறகு பார்த்தால் தலைத் தோலிலும் நீலம், திட்டுத் திட்டாக. பற்பசை போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன். "காணும், விடும்," என்றா மாமி. "நாளைக்குச் சந்தனத்தை அள்ளி அப்புவம்."

அப்பினோம். தேரன்று உன்னைச் சுற்றிப் பெண்கள். இந்தக் காலத்தில இப்பிடி ஒரு பிள்ளையோ, என்ன நேர்த்தி, என்ன நேர்த்தி என்று கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன் மாமி சொல்லிவிட்டா: "தேப்பன்ரை முழங்காலுக்கு." அப்பா பக்கத்தில்தான் நின்றார். தன் முழங்காலுக்கு வருத்தம் என்பதை அவர் அப்போதுதான் அறிந்தார். குனிந்து இரண்டையும் பார்த்தார். பிறகு, தெய்வமே, நொண்டினார். அன்றிலிருந்து கோயில் வாசல் தாண்டினால் நொண்டுவார். வாகனத்தில் ஏறினால் சுகம். போன வருடம் எந்தக் கால் என்பதை மறந்துபோய் மற்றக் காலால் நொண்டினதை நான் கண்டேன். அவருக்காகவும் இங்கே எழுதிவைக்கிறேன்: அவருடைய முழங்கால்கள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. ஒருபோதும் வருந்தியதில்லை.

அன்று உன் தலையில் எத்தனை பேர் கை வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும். வெயிலில் சந்தனம் உருகியது. வயதான ஒருவர் உன் தலையைத் தடவிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். மஞ்சளுக்குள் மெல்லிய நீலம். என்னை ஒருதரம் பார்த்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தீர்ப்பு அந்தப் பார்வைதான்.

பிறகு நீ சண்டை போடவில்லை. அதுதான் கொடுமை. மரியாதையாக இருந்தாய். இங்கே கடைசிப் பரீட்சை முடிந்து வகுப்பால் வெளியே வரும் பிள்ளைக்கு வீட்டார்தான் பள்ளிப் படிப்பு முடித்த அடையாளமான வெள்ளைத் தொப்பியை வைத்துவிடுவார்கள். நான் தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மற்றத் தாய்மார் எட்டி எட்டி வைத்துக்கொண்டிருந்தார்கள். நீ வந்து, தொப்பியை என் கையிலிருந்து வாங்கி, நீயே வைத்துக்கொண்டாய். நன்றி அம்மா என்றாய். படத்தில் இருவரும் சிரிக்கிறோம். அந்தப் படத்தை வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பாராட்டுவார்கள். அந்த வருடமே கொப்பன்ஹேகனுக்குப் போனாய். பச்சை, வெள்ளி, பிறகு ஒரு நெருப்புச் சிவப்பு. எல்லாவற்றையும் ஃபோனில்தான் பார்த்தேன். இப்போது நீ கட்டப்போகிற அபி உனக்குப் பூசிவிடுகிறாள் என்று அறிகிறேன். அவள் கழுத்தில் உன் சிவப்பு ஒட்டியிருந்த ஒரு படம் போட்டிருந்தீர்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பதினொரு வருடமாக என் கை படாத தலை அது.

ஹொல்ஸ்டெப்ரோவில் அபியின் தாய் தகப்பன் எல்லாச் சடங்கும் வேண்டும் என்றார்கள். நீ மறுக்கவில்லை. தாலி கட்டுகிறேன், ஐயர் சொல்கிறதெல்லாம் செய்கிறேன், ஒன்று மட்டும் வேண்டாம் என்று போன மாதம் ஃபோன் எடுத்தாய். பாலறுகு. கல்யாணக் காலையில் மாப்பிள்ளையை இருத்தி, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து பாலும் அறுகம்புல்லும் எடுத்துத் தலையில் வைத்த பிறகுதான் குளிக்கவார்ப்பார்கள். என் தலையில் ஒருவரும் கை வைக்கக்கூடாது என்றாய். டேனிஷில் அந்த 'ஒருவரும்' மிகவும் சின்னச் சொல். "நானுமோ?" என்று தமிழில் கேட்டேன்.  மழை வருகிறது, சைக்கிளில் நிற்கிறேன், பிறகு எடுக்கிறேன் என்றாய். எடுக்கவில்லை. அந்தக் கேள்வி இன்னும் அங்கேதான் நிற்கிறது. இந்தக் கடிதத்தில் மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். மாமி கதிரையில். தோளில் பழைய துவாய். கல்யாணத்துக்காக வழக்கத்தைவிட ஒரு கிழமை முந்தி வந்திருந்தா. நான் கிண்ணத்தில் கறுப்பைக் குழைக்கவிருந்தேன்.

"பாலறுகு வேண்டாமாமே. தம்பி சொன்னவன். என்ன விளையாட்டு இது? மூத்த மாமி நான், முதல் கை நான்தானே வைக்கவேணும்."

"அவன் விருப்பமில்லை எண்டுறான், மச்சாள்."

"எல்லாம் வெக்கம். அந்தச் சிவப்புத் தலை வீடியோவில விழும் எண்டுதான். தலைப்பாகை கட்டினாப் பிறகு ஆருக்குத் தெரியப்போகுது. நீர் முதல் நாள் கூப்பிட்டுக் கறுப்படிச்சு விடும். இல்லாட்டி..." சிரித்தா. தோள் குலுங்கியது. "இல்லாட்டி இன்னொரு நேர்த்தி வைப்பம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அலுமாரியைத் திறந்தேன். உள்ளே ஒரு ப்ளீச் பெட்டி இருந்தது. எனக்காக வாங்கியது. உன் கல்யாணத்துக்கு ஒரு கீற்றாவது நிறத்தோடு வந்து நிற்க நினைத்து, துணிவில்லாமல் நாலு மாதமாக அங்கே வைத்திருந்தேன். அதை எடுத்துக் குழைத்தேன். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றியிருந்தா.

"என்ன மணம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"வேற பெட்டி, மச்சாள். இஞ்சை சட்டத்தை மாத்திப்போட்டாங்கள்."

"இவங்களுக்கு வேற வேலை இல்லை."

வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினேன்.  ஒரு இடமும் விடவில்லை. காதடியிலும் பூசினேன். நேரம் பார்த்தேன், பெட்டியில் சொன்னதற்கு ஒரு நிமிடமும் கூட விடவில்லை, தோல் எரிகிறதா என்று இரண்டு தரம் கேட்டேன். பழி வாங்கும்போதும் அளவோடு செய்கிற ஆள் நான் என்பதை அன்றுதான் அறிந்தேன். அவ அபியின் தாய் எடுத்த கூறைச் சேலையின் கரையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தா. கழுவித் துடைத்தேன். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். வேரில் வெளிறிய மஞ்சள், அதற்குக் கீழே கரட் நிறம், நுனியில் துரு. இருபத்திரண்டு வருடக் கறுப்பு ஒவ்வொரு படையாகத் தெரிந்தது.

அவ கத்தவில்லை. கையால் ஒரு மயிர்க்கற்றையைப் பிடித்துப் பார்த்தா.

"கறுப்புப் பெட்டி என்னட்டை இருக்கு," என்றேன். "இப்பவே பூசிவிடுறன். முதல் அவனுக்கு ஃபோன் எடுங்கோ. நேர்த்தி பொய், நான்தான் சொல்லிக் குடுத்தனான் எண்டு சொல்லுங்கோ."

ஃபோனை நீட்டினேன். அவ வாங்கவில்லை. சுவர்க் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தா.

"மெஷினைப் பிடிச்சது ஆர்?"

"நான்."

"பிறகேன் நான் ஃபோன் எடுக்க?"

"நீங்கள் சொல்லித்தானே..."

"நான் சொல்லுறதெல்லாம் நீர் கேக்கிறனீரோ? வயித்துப் பிள்ளையோட கம்பஸை விடும் எண்டன். விட்டனீரோ? ரெண்டாவது பிள்ளை ஒண்டு பெறும் எண்டன். நூலகத்து வேலை சம்பளம் காணாது எண்டன். ஒண்டாவது கேட்டனீரோ? அதை மட்டும் கேட்டனீர்."

மகன், நீட்டிய ஃபோனைக் கீழே வைத்தேன். நான் எத்தனை புத்தகம் வாசித்திருப்பேன். செம்மஞ்சள் தலையோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்த ஒரு மனுசி, ஒரே வசனத்தில் என்னைச் சரியாக வாசித்துவிட்டா. நான் செய்ய விரும்பாத எதையும் அவ என்னைக்கொண்டு செய்விக்கவில்லை. அவவின் வாய் எனக்கு வசதியாக இருந்தது. அவ்வளவுதான்.

அந்த நேரம் அப்பா வேலையால் வந்தார். குளியலறை வாசலில் நின்று பார்த்தார்.

"அக்கா, என்ன இது?"

"உன்ர மனிசியைக் கேள்."

அப்பா என்னைக் கேட்கவில்லை.  "வெயில் அடிச்சா வடிவா இருக்கும்," என்றார். கேலியா உண்மையா என்று எனக்கு இன்னும் தெரியாது. மாமி துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, அதே துவாயோடு, அவருடைய வாகனத்தில் ஏறிப் போனா.

நேற்று அப்பாவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லியிருக்கிறா, கல்யாணத்துக்கு வரவில்லை என்று. சலூனுக்குப் போனால் ஒரு மணி நேரத்தில் சரியாக்கிவிடுவார்கள். போகமாட்டா. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வீதியால் போகிற எங்கள் சனம் பார்க்கும். தானே பூசத் தெரியாது, இருபத்திரண்டு வருடமாக நான்தான் பூசினேன். என் கறுப்புப் பெட்டி அலுமாரிக்குள் இருக்கிறது. ஃபோன் எடுத்தால் கொண்டுபோய்ப் பூசிவிடுவேன். எனக்கல்ல, உனக்கு எடுத்தால். எனக்குச் சந்தோஷமா என்று நீ கேட்கலாம். சந்தோஷம். உன்னிடம் அதையும் மறைக்கப்போவதில்லை. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது நினைத்துச் சிரிக்கிறேன். பழி வாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று எழுதுகிறவர்கள் சரியாக வாங்கிப் பார்த்ததில்லை.

ஆனால் பாதிதான் வாங்கியிருக்கிறேன். மெஷினைப் பிடித்தவள் மீதி இருக்கிறாள். அவளை எப்படிப் பிடிப்பது என்று இந்த ஒரு கிழமையாக யோசித்தேன். அவளும் தலையை வழித்துக்கொண்டு வந்து நின்றால் எல்லோரும் அழுவார்கள், நீயும் மன்னிக்கவேண்டி வரும். அது மலிவு. கல்யாணத்துக்கு வராமல் விட்டால் அதுவும் ஒரு நாடகம், நீ என்னைத் தேடி ஃபோன் எடுக்கவேண்டும். அவளுக்கு மிகவும் வேண்டிய ஒன்றைப் பறிக்க வேண்டும், சத்தமில்லாமல். அது எதுவென்று எனக்குத் தெரியும். கைகளைப் பாலில் நனைத்து உன் தலையில் வைப்பதை அவள் போன மாதத்திலிருந்து ஒவ்வொரு நாளும் நினைக்கிறாள். நீ சைக்கிளில் நின்று பதில் சொல்லாமல் விட்டாயே, அந்த மௌனத்துக்குள் ஒரு சின்ன ஓமைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பதினைந்து வயதில் நீ சொன்ன ஓமை எடுத்ததுபோல் இதையும் எடுத்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியும்.

இதில் உனக்கு ஒரு புத்திமதி இருக்கிறது என்றால் இதுதான். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறந்து, அது உன்னைவிடத் துணிவாக ஒன்றைச் செய்துவிட்டு வந்து நின்றால், முதல் மனதில் வருவதை அப்படியே வாயால் சொல்லு. துவாயைப் பற்றிப் பிறகு கதைக்கலாம். யாராவது உன்னை ஒன்று செய்யச் சொன்னால், அதை நீ ஏற்கெனவே விரும்பினாயா என்று பார். அபியோடு கோபம் வந்தால் கத்து. மரியாதையாக இருக்காதே. உன் மரியாதையை நான் பதினொரு வருடம் பார்த்துவிட்டேன். அவள் தாங்கமாட்டாள்.

இன்று காலை ஐயர் ஃபோன் எடுத்தார்.

"பாலறுகுக்கு ஆர் ஆர் எண்டு பேர் தாங்கோ, அம்மா. எழுதி வைக்கிறன்."

"ஒருத்தரும் இல்லை, ஐயா."

"தாய் தகப்பனாவது வைக்கவேணுமே."

"தகப்பனிட்டைக் கேட்டனான். மகன் வேண்டாமெண்டா வேண்டாமாம்."

"சரி, நீங்கள் ஒரு ஆள் எண்டாலும் வையுங்கோவன். தாய்க்கு ஒருத்தரும் மறுப்புச் சொல்லமாட்டினம்."

மகன், என் காதுக்குள் அவர் அதை எவ்வளவு அன்பாகச் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. ஓம் என்று சொல்லியிருந்தால் நீ கல்யாணக் காலையில், ஆட்களுக்கு முன்னால், மறுத்திருக்கவும்மாட்டாய். அசையாமல் இருந்திருப்பாய்.

"தாய்தான் வேண்டாம் எண்டு சொன்னது எண்டு எழுதுங்கோ, ஐயா," என்றேன்.

"அது வழமை இல்லையே."

"எங்கட வீட்டில இனி அதுதான் வழமை."

அவர் பெருமூச்சு விட்டார். எழுதினாரா தெரியாது. பரவாயில்லை, நான் எழுதிவிட்டேன்.

கல்யாணக் காலையில் மண்டபத்தில் உனக்கு ஒரு அறை தருவார்கள். அதன் வாசலில் ஒரு கதிரையைப் போட்டு நான் இருப்பேன். சொல்லியும் கேளாமல் ஆட்கள் பாலோடும் அறுகோடும் வருவார்கள். ஸ்கீவவிலிருந்து பெரியப்பா குடும்பம் கட்டாயம் வரும். முதலில் பகிடி விடுவார்கள், பிறகு கெஞ்சுவார்கள், பிறகு என்னைப் பற்றி எனக்குக் கேட்கக் கதைப்பார்கள். எழும்பமாட்டேன். நீ உள்ளே அபி பூசிவிட்ட நிறத்தோடு உன் தலையை நீயே கழுவி, நீயே வாரிக்கொள். அவசரப்படாதே. வாசலில் நான் இருக்கிறேன்.